சொல்லோடு விளையாடு – 9: விடை முதலில், கேள்வி பிறகு

ஐந்தை அடுத்தது எது? அணையை அடைவது எது?

ஆறு. கேள்வி இரண்டு, விடை ஒன்று. இரண்டு கேள்விக்கும் ஓசை ஒத்துப்போகிறது. இருசொல் அலங்காரம் எனப்படும் இந்த விளையாட்டில் புதிர் கட்டுகிறவர் கேள்வியில் தொடங்குவதில்லை. இருபொருள் தரும் சொல்லைத்தான் முதலில் பிடிக்கிறார். மோனைக்கும் எதுகைக்கும் அதன் பிறகே வேலை.

பிடித்த சொல் காலை வாருவதும் உண்டு. ஆறு என்பதோடு ஓர் ‘இல்’ சேர்த்தால் போதும். ‘ஆறிலும் சாவு, நூறிலும் சாவு’ என்பதில் இருப்பது எண். ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்பதில் ஓடுவது தண்ணீர். வேற்றுமை உருபு ஏறியதும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ஆகவே ஆற்றை வைத்துக் கட்டுபவர் ‘எது’ என்று கேட்கலாம், ‘எதில்’ என்று கேட்க முடியாது. ‘படி’க்கு அந்தத் தொல்லை இல்லை. அரிசியை அளப்பது எதில்? மாடிக்கு ஏறுவது எதில்? படியில். ஆனால் மகனை அதட்டும் அம்மாவின் ‘படி’யை இதற்குள் நுழைக்க முடியாது, வினைச்சொல் ‘இல்’ ஏற்காது.

வடக்கேயும் இந்த வித்தை உண்டு. அமீர் குஸ்ரோ (1253–1325) பெயரில் வழங்கும் ‘தோ சுகனே’ புதிர்களில் ஒன்று, கழுதை ஏன் வாடிக் கிடக்கிறது, அந்தணர் ஏன் தாகத்தோடு நிற்கிறார் என்று சேர்த்துக் கேட்கிறது. ‘லோட்டா நா தா’ என்பதே இரண்டுக்கும் பதில். அந்தணரிடம் செம்பு இல்லை. கழுதை புழுதியில் புரளவில்லை. கேள்விகள் ‘உதாசா’, ‘பியாசா’ என இயைந்து வருவதால் ஒருமுறை கேட்டாலே மனதில் ஒட்டிக்கொள்ளும்.

தண்டியலங்காரம் சொல்லும் ‘வினாவுத்தரம்’ இன்னும் கடினமானது. திருமகள் ‘திரு’, போகிறவனிடம் சொல்வது ‘ஏகு’, சரம் ‘அம்பு’, அழகு ‘அம்’. நான்கு விடைகளையும் கோத்தால் காஞ்சிபுரத்துச் சிவன் உறையும் ‘திருவேகம்பம்’ ஐந்தாவது விடையாக எழுந்து நிற்கிறது. குழந்தை விளையாட்டு என்று இதை ஒதுக்குகிறவர்கள் அப்படியொரு சொல்லைத் தேடிப் பார்க்கலாம்.

விடுவிக்கிறவருக்கு ஒரு குறுக்கு வழி: இரண்டில் குறுகலான கேள்வியைப் பிடிக்க வேண்டும். மணமகன் கழுத்தில் எது? மதியம் கழிந்ததும் எது? முதல் கேள்விக்குச் சங்கிலி, துண்டு என்று பல பதில்கள் வந்து குழப்பும். இரண்டாவதற்கு மாலையை விட்டால் வேறு வழியில்லை.

ஆங்கிலக் குழந்தைகளின் ‘ஹிங்க் பிங்க்’ நேர்மாறானது. அங்கே ஓசை ஒத்திருக்க வேண்டியது விடை. குண்டுப் பூனை எது என்றால் ‘ஃபேட் கேட்’. தமிழ் எதுகைக்கும் இது நன்றாகவே படிகிறது. தும்பிக்கைக்காரர் வீட்டுச் சமையல் பாத்திரம்? யானைப் பானை!

வாசகர்களுக்கு ஒன்று: சுவரோடு ஒட்டித் திரிபவள் கொண்டையில் சூடிய பூ எது? இரண்டே சொல். விடை அடுத்த இதழில்.