இதய மேலறை நடுக்கம்: போடிநாயக்கனூர் மலைச்சரிவுகளில் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு

இதய மேலறை நடுக்கம் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) என்பது இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும் துடிப்புக் கோளாறு ஆகும். இதனால் மேலறையில் இரத்தம் தேங்கி உறையலாம். அந்த உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும். இக்கோளாறு பக்கவாத ஆபத்தை ஏறத்தாழ 5 மடங்காக்குகிறது.

கண்டறிதல்

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலிருந்து தொழிலாளர்கள் போடிமெட்டு வழியாக ஜீப்பில் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று வருகின்றனர். சரிவில் ஏறும்போது வரும் படபடப்பையும் மூச்சிரைப்பையும் வேலைக்களைப்பு என்று விட்டுவிட இடமுண்டு. பலருக்கு அறிகுறியே இருப்பதில்லை. எனவே இரத்த அழுத்தம் பார்க்கும்போதே மணிக்கட்டில் நாடி பார்ப்பது முதற்படி. நாடி ஒழுங்கற்றிருந்தால் தானியங்கிக் கருவி தவறான அளவைக் காட்டக்கூடும். அப்போது ஸ்டெதாஸ்கோப் வைத்து அளக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வீட்டுச் சந்திப்புகள் இதற்கு ஏற்ற வாய்ப்பு. நோயை உறுதிசெய்வது இசிஜி.

பக்கவாதத் தடுப்பு

ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2024 வழிகாட்டுதல்படி, இதயச் செயலிழப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தநாள நோய், 65–74 வயது ஆகியவற்றுக்குத் தலா 1 புள்ளி. 75 வயது அல்லது அதற்கு மேல், முந்தைய பக்கவாதம் ஆகியவற்றுக்குத் தலா 2 புள்ளிகள். மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் எனில் உறைதடுப்பு மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. 1 எனில் பரிசீலிக்கலாம். ஆஸ்பிரின் இதற்கு மாற்று அல்ல.

மருந்துத் தேர்வு

அபிக்சபான், டாபிகாட்ரான் போன்ற புதிய மருந்துகளுக்கு அடிக்கடி ஐ.என்.ஆர். பரிசோதனை தேவையில்லை, சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்தால் போதும். தொலைவில் வாழ்வோருக்கு இது பெரும் வசதி. ஆனால் ருமாட்டிக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரினே உரியது. 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் இதய நோயாளிகளிடையே ரிவராக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்து பெற்றவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. ஆகவே மருந்தைத் தேர்வதற்கு முன் எக்கோ பரிசோதனை அவசியம்.

வார்ஃபரின் எடுப்போருக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2–3க்குள் இருக்க வேண்டும். கூலி நாளை இழக்காமல் பரிசோதனைக்கு வர முடிகிறதா என்பதும் சிகிச்சைத் திட்டத்தின் பகுதியே. உடல்வலிக்குக் கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரைகள் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால் கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்பே மருத்துவரிடம் கூற வேண்டும்.

துடிப்புக் கட்டுப்பாடும் பரிந்துரையும்

மெட்டோபிரோலால் போன்ற மருந்துகளால் ஓய்வுநிலைத் துடிப்பை முதலில் நிமிடத்துக்கு 110க்குக் கீழ் கொண்டுவருவர். மயக்கம், நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல் இருந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாத அறிகுறிகள். தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.