பரம்பிக்குளத்துப் பச்சையமற்ற சிறு மலர்

செடி என்றால் பச்சை இலை உண்டு என்பதும், அவ்விலையில் சூரிய ஒளியின் துணையால் உணவு தயாராகிறது என்பதும் பள்ளிப் பாடத்தின் முதற் செய்திகளாகும். இவ்விரண்டிற்கும் புறம்பான பூச்செடி ஒன்று, இன்று பாலக்காடு மாவட்டத்தில் அடங்கும் பரம்பிக்குளம் காட்டில் 1951-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஏரி ஷா என்னும் அறிஞர் அதனை ஆராய்ந்தார். அது முன்னர் அறியப்படாத பேரினத்தைச் சேர்ந்தது எனக் கண்டு, 1952-இல் ‘ஹாப்ளோதிஸ்மியா எக்ஸானுலாட்டா’ என்று பெயரிட்டார். அப்பேரினத்தில் அடங்கும் இனம் இது ஒன்றே.

பெயர் நீளமாயினும் பொருள் எளிது. இதன் உறவினமான ‘தைஸ்மியா’வுக்கு 19-ஆம் நூற்றாண்டில் பெயரிட்ட கிரிஃபித், ஸ்மித் என்னும் ஒருவரின் பெயரிலுள்ள எழுத்துக்களை இடம் மாற்றியே அப்பெயரை அமைத்தார். தாவரவியலாருக்கும் விளையாட்டு மனம் உண்டு போலும்! தைஸ்மியா மலர்களின் குழல்வாயில் பெரும்பாலும் வளையம் போன்ற ஓர் உறுப்பு அமைந்திருக்கும். பரம்பிக்குளத்து மலரில் அவ்வளையம் இல்லை. ‘எக்ஸானுலாட்டா’ என்பதன் பொருள் ‘வளையமற்றது’ என்பதேயாகும். ‘ஹாப்ளோ’ என்னும் கிரேக்கச் சொல் எளிமையைக் குறிக்கும்.

இச்செடியில் பச்சையம் கிடையாது. இலைகள் சிறு செதில்களாகக் குறுகிவிட்டன. அப்படியானால் உணவு எங்கிருந்து கிடைக்கிறது? மண்ணில் மரங்களின் வேர்களோடு கூடி வாழும் பூஞ்சைகள் உண்டு. அவை மண்ணிலிருந்து எடுக்கும் உப்புச் சத்துக்களை மரத்திற்கு அளித்து, மரம் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கைப் பெறுகின்றன. இந்தக் குடும்பத்துச் செடிகள் அப்பூஞ்சைகளின் இழைகளைத் தம் வேருக்குள் ஏற்று, அவற்றிடமிருந்தே உணவைப் பெற்றுக்கொள்கின்றன. பூஞ்சைக்குக் கைம்மாறாக எதுவும் கிடைப்பதாகத் தெரியவில்லை. எனவே, இச்செடியை மட்டும் பெயர்த்தெடுத்துத் தோட்டத்தில் நட்டு வளர்க்க முயல்வது வீண். மரமும் பூஞ்சையும் மண்ணின் ஈரமும் சேர்ந்திருந்தால்தான் அதற்கு வாழ்வுண்டு. ஆண்டின் பெரும் பகுதியை மண்ணுக்குள் கழித்து, உதிர்ந்த இலைகளுக்கிடையே சிறிது காலமே அது மலரைக் காட்டுகிறது.

தீவு என்பது கடலால் மட்டும் சூழப்பட்டதன்று. ஆனைமலைத் தொகுதிக்கும் வடக்கே நீலகிரிக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. ஈரமும் நிழலும் இன்றி வாழவியலாத செடிக்கு வெப்பமான அச்சமவெளி கடல் போன்ற தடையே. பரம்பிக்குளம் முதல் இடுக்கி மாவட்டத்து இரவிகுளம் வரையுள்ள மலைப்பகுதியில் வேறெங்கும் காணாத தாவரங்கள் பல இருப்பதற்கு இத்தனிமையும் ஒரு காரணம் எனலாம்.

1951-க்குப் பின் இம்மலரைப் பற்றிய செய்தி நெடுங்காலம் இல்லை. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சசிதரனும் சுஜனபாலும் அதனை மீண்டும் கண்ட செய்தியை 2000-ஆம் ஆண்டில்தான் வெளியிட்டனர். இடைப்பட்ட காலத்தில் பரம்பிக்குளம் பெரிதும் மாறிவிட்டது. 1958-இல் தொடங்கிய பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் நீர்த்தேக்கங்கள் பள்ளத்தாக்குகளில் நிரம்பின. இயற்கைக் காட்டின் ஒரு பகுதி தேக்குத் தோட்டமாயிற்று. எஞ்சிய காட்டிற்கு 1973-இல் வனவிலங்குச் சரணாலயம் என்ற பாதுகாப்பும், 2010-இல் புலிகள் காப்பகம் என்ற பாதுகாப்பும் கிட்டின. புலிக்காக விதிக்கப்பட்ட காவல் இச்சிறு மலருக்கும் நிழலாக அமைந்தது நற்பேறே. ஆயினும் மலர் இருக்கும் இடத்தைக் காவலர் அறியாவிடில், ஒற்றையடிப்பாதை ஒன்றை அகலப்படுத்தும் வேலையிலேயே அது மறைந்துவிடக்கூடும்.

இது வெற்று அச்சமன்று. அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்து 1912-இல் கண்டெடுக்கப்பட்ட தைஸ்மியா இனம் 1916-க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. ஜப்பானில் கோபே நகரில் 1992-இல் கிடைத்த மற்றோர் இனம், அதன் இடத்தில் தொழிற்பேட்டை எழுந்ததால் அழிந்ததென்றே கருதப்பட்டது. 2021-இல் சுமார் 30 கிலோமீட்டருக்கு அப்பால் மீண்டும் கிடைத்தது. போர்னியோவில் 1866-இல் பெக்காரி கண்ட இனமோ 151 ஆண்டுகள் கழித்து, 2017-இல்தான் மறுபடி காணப்பட்டது.

ஆகவே, மழைக்காலத்தில் பசுமைமாறாக் காடுகளில் சுற்றும் வன ஊழியர்கள் தரையையும் சற்று நோக்குவது நலம். இலைச்சருகுகளுக்கிடையே பச்சை நிறம் சிறிதுமின்றி, குழல் வடிவ மலருடன் நிற்கும் செடி தென்பட்டால் அதைத் தோண்டவோ பறிக்கவோ கூடாது. காளான் என்று எண்ணிக் கடந்து போவதும் எளிது. இதழ்களும் மகரந்தத் தாள்களும் உள்ளனவா என்று பார்த்தால் ஐயம் தீரும். அளவு தெரிய ஒரு நாணயத்தை அருகில் வைத்துப் படம் எடுக்கலாம். தேதி, இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், சுற்றியுள்ள மரங்களின் பெயர், செடிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வனச்சரக அலுவலகத்தின் வழியே பீச்சி நிறுவனத்திற்கு அனுப்பலாம். மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அவர்களைப் பாதையிலேயே நிறுத்திவைத்தல் வேண்டும். சருகு மிதிபட்டு மண் இறுகினால் பூஞ்சையின் இழைகள் அறுபடும்.