பயிற்சிக் காலத்தில் திரும்பி வரும் புதுச் சிப்பாய்கள்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் மக்களுக்கு இராணுவம் தொலைவிலுள்ள ஒரு பொருளன்று. பெரிய நிக்கோபார்த் தீவின் காம்பெல் விரிகுடாப் பகுதியில் 1969-ம் ஆண்டு முதற்கொண்டு ஓய்வுபெற்ற படைவீரர்களின் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. 2001-ம் ஆண்டில் முப்படைகளுக்கும் பொதுவான நாட்டின் முதல் படைத் தலைமையகம் போர்ட் பிளேயர் நகரில் நிறுவப்பட்டது. அந்நகரம் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்குகிறது. இத்தகைய சூழ்நிலையில் வளரும் இளைஞன் ஒருவன் படையில் சேர்க்கப்பட்டு, பயிற்சிக்காகக் கப்பலேறும் நாள் அவன் குடும்பத்திற்கு மட்டுமன்றிக் கிராமத்திற்கே பெருமை தரும் நாளாகும்.

ஆயினும், அவ்வாறு சென்றவர்களில் ஒரு சிலர் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ வீடு திரும்பிவிடுகின்றனர். பயந்து ஓடி வந்துவிட்டான் என்றும், கஷ்டத்திற்கு உடன்படாதவன் என்றும் ஊரார் பேசுவது வழக்கம். இப்பேச்சு பெரும்பாலும் அறியாமையினால் விளைவது. புதுச் சிப்பாய் ஒருவன் பயிற்சியின் நடுவே விடுவிக்கப்படுவதற்குரிய காரணங்கள் பல. அவற்றுள் மிக முக்கியமானது மனத்தின் கோழைத்தனமன்று, எலும்பின் இயற்கையே. அதனை முன்கூட்டியே தடுக்கும் வாய்ப்பு, அவன் கப்பலேறுவதற்கு முன்னர் அவனோடு பழகும் ஆசிரியர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் உண்டு.

சட்டத்தின் நிலை

படையில் பெயர் பதியப்படுவதும், முழுச் சிப்பாயாக ஏற்கப்படுவதும் ஒன்றல்ல. 1950-ம் ஆண்டின் இராணுவச் சட்டப்படி, புதிதாகச் சேர்ந்தவன் பணிக்குத் தகுதியுடையவன் என்று அறிவிக்கப்பட்ட பின்னரோ, குறித்த தகுதிகாண் காலம் முடிந்த பின்னரோதான் அணியின் முன்னிலையில் உறுதிமொழி ஏற்கிறான். அதுவரையில் அவன் பதிவு செய்யப்பட்டவனேயன்றி, உறுதிமொழி ஏற்றவனல்லன்.

இந்த இடைக்காலத்தில் ஒருவனை விடுவிக்கும் அதிகாரம் 1954-ம் ஆண்டின் இராணுவ விதிகளில் 13-வது விதியினால் வழங்கப்படுகிறது. திறமையுள்ள சிப்பாயாக உருவாகும் வாய்ப்பில்லாதவன் எனக் கருதப்படுபவனும், தானே விடுதலை கோருபவனும் இவ்விதியின் கீழ் வருவர். பின்னவன் விஷயத்தில், கோரிக்கை ஏற்கத்தக்கது என்று கட்டளை அதிகாரி திருப்தியடைய வேண்டும். 2022-ம் ஆண்டு தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணிக்காகச் சேரும் அக்னிவீரர்களுக்கு, தனிப்பட்ட அரிய காரணங்களாலன்றிச் சொந்த விருப்பத்தின் பேரில் விடுதலை அளிக்கப்படுவதில்லை.

விடுவிப்பு எப்போதும் முதல் நடவடிக்கையாக அமைவதில்லை. நோயினாலோ காயத்தினாலோ பயிற்சியைத் தவறவிட்டவனைப் பிந்திய அணி ஒன்றில் சேர்த்து, விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்வதும் வழக்கமே. ஆகையால், காயம் எத்துணை விரைவில் கண்டறியப்படுகிறதோ, அத்துணை நல்லது.

எலும்பு தளரும் காலம்

1855-ம் ஆண்டில் பிரஷ்யப் படையின் மருத்துவர் பிரைட்ஹௌப்ட் என்பார், நீண்ட நடைப்பயணம் செய்த சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி வலியெடுப்பதைக் கண்டு விவரித்தார். அடியோ வீழ்ச்சியோ இன்றி ஏற்பட்ட இவ்வலியின் காரணம் அன்று விளங்கவில்லை. எக்ஸ்ரே கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், 1897-ல், அது பாத எலும்புகளில் ஏற்பட்ட முறிவே என்பது புலனாயிற்று. இதனை அயர்ச்சி முறிவு எனலாம். மீண்டும் மீண்டும் வளைக்கப்படும் கம்பி ஓரிடத்தில் விரிசல் காண்பதைப் போன்றது இது.

எலும்பு கல்லைப் போல் மாறாத பொருளன்று. சுமை கூடும்போது, உடல் பழைய எலும்பின் நுண்பகுதிகளை முதலில் அரித்தெடுத்து, பின்னர் அவ்விடத்தில் புதிய எலும்பைப் படியச் செய்கிறது. அரித்தெடுக்கும் வேலை ஏறத்தாழ மூன்று வாரங்களில் முடிந்துவிடுகிறது. நிரப்பும் வேலைக்கோ ஏறத்தாழ மூன்று மாதங்கள் தேவைப்படுகின்றன. பழைய ஓலையைப் பிரித்துவிட்டுப் புது ஓலை வேயப்படாத கூரையை ஒத்த நிலை இது. இவ்விடைக்காலத்தில் எலும்பு முன்னிருந்ததைவிடச் சற்றுப் பலவீனமாகவே உள்ளது. பயிற்சியின் கடுமை கூடிக்கொண்டு போவதும் இதே வாரங்களில்தான்.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. இருதயமும் தசைகளும் எலும்பைக் காட்டிலும் விரைவில் பழகிவிடுகின்றன. சில வாரங்களில் இளைஞனுக்கு மூச்சிரைப்பு குறைகிறது. கால்கள் உறுதி பெற்றதாகத் தோன்றுகிறது. அவன் முன்னிலும் வேகமாக ஓடுகிறான். அவ்வேகத்தைத் தாங்கும் நிலைக்கு எலும்பு இன்னும் வந்து சேரவில்லை. முதலில் ஓடும்போது மட்டும் முழங்காலுக்குக் கீழ் வலிக்கிறது, ஓய்வில் மறைந்துவிடுகிறது. பின்னர் நடக்கும்போதும் வலிக்கிறது. எலும்பின் மேல் ஒரு விரலால் அழுத்தினால் குறிப்பிட்ட ஓரிடத்தில் வலி தெரிகிறது. தொடக்க வாரங்களில் எடுக்கப்படும் எக்ஸ்ரே படத்தில் விரிசல் தெரியாமலும் போகலாம். சோம்பேறியெனப் பெயர் வருமோ என்று அஞ்சி வலியை மறைப்பவன் பெரும்பாலும் ஊக்கம் மிகுந்தவனே. முன்னங்கால் எலும்பு முறிவு பல வார ஓய்வில் கூடிவிடும். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் ஏற்படும் முறிவோ விலகிக்கொண்டால் ஆயுட்கால ஊனத்தில் முடியக்கூடும். கவட்டியில் தொடர்ந்து வலி உண்டாயின் அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இது அரிதாக நிகழ்வது எனக் கருதலாகாது. இஸ்ரேல் நாட்டில் காலாட்படைக்குச் சேர்ந்த 295 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சி 1985-ல் வெளியிடப்பட்டது. அவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு அயர்ச்சி முறிவு காணப்பட்டது. பின்னர் அந்நாட்டுப் படையில் இரவில் குறைந்தது ஆறு மணி நேர உறக்கம் கட்டாயமாக்கப்பட்டு, மொத்த நடைத்தூரமும் குறைக்கப்பட்டபோது, இம்முறிவுகள் பாதிக்கு மேல் குறைந்தன. சிப்பாய்கள் மாறவில்லை, பயிற்சியின் அளவும் ஓய்வுமே மாறின.

வெப்பமும் குளிரும்

தீவுகளிலிருந்து செல்வோர் பயிற்சி பெறும் இடங்கள் பலவகைப்பட்டவை. சென்னை இராணுவப் பிரிவின் பயிற்சி மையம் நீலகிரியின் வெல்லிங்டனில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடற்படைக்குச் சேர்வோர் ஒடிசாவின் சில்கா ஏரிக்கரையிலுள்ள நிலையத்திற்குச் செல்கின்றனர். அங்கு பயின்ற அக்னிவீரர்களின் முதல் அணி, 273 பெண்கள் உட்பட ஏறத்தாழ 2,600 பேருடன், 2023-ம் ஆண்டு மார்ச்சு மாதம் பயிற்சியை முடித்து வெளியேறியது.

வெப்பத்தில் கடும் உழைப்புச் செய்யும் உடலுக்குப் பழகுவதற்கு ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாட்கள் தேவை. அதற்குள் வியர்வை முன்னதாகச் சுரக்கத் தொடங்கி, உப்பிழப்புக் குறைகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழிந்தோடுமேயன்றி ஆவியாகாது. ஆகவே வெப்பமானியின் எண் மட்டும் ஆபத்தைக் காட்டாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவு, சூரிய வெப்பத்தை ஏற்கும் கருங்கோளத்தின் அளவு, சாதாரண வெப்பமானியின் அளவு ஆகிய மூன்றையும் முறையே பத்தில் ஏழு, இரண்டு, ஒரு பங்காகச் சேர்த்துக் கணிக்கும் முறை 1950-களில் அமெரிக்கக் கடற்படைத் தரைவீரர்களின் பயிற்சி முகாமில் வகுக்கப்பட்டது. அவ்வெண் உயரும்போது ஓட்டத்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் இன்று பல நாடுகளின் முகாம்களில் நடைமுறையாகும்.

ஓடும் இளைஞன் தடுமாறிப் பேசினாலோ, குழப்பமடைந்தாலோ, அது சாதாரணக் களைப்பன்று. உடனே நிழலில் கிடத்தி, ஆடை தளர்த்தி, குளிர்ந்த நீரில் நனைத்து விசிறுதல் வேண்டும். மருத்துவமனைக்கு அனுப்புமுன்னரே உடலைக் குளிர்விக்கத் தொடங்குதல் உயிர் காக்கும். பள்ளி விளையாட்டு விழாக்களுக்கும் இது பொருந்தும்.

மனமும் மொழியும்

முகாமின் முதல் வாரங்களில் வீட்டு நினைவு, உறக்கக் குறைவு, இடைவிடாத கட்டளை ஆகியவை சேர்ந்து சிலரை வாட்டுகின்றன. சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் உள்ளது. கப்பல் பயணம் ஏறத்தாழ மூன்று நாட்கள் பிடிக்கும். ஆகவே பெற்றோர் வந்து பார்த்துச் செல்லுதல் எளிதன்று. இங்கு தீவுகளின் தமிழ் இளைஞனுக்கு ஒரு நன்மையும் உண்டு. தீவுகளில் பல மொழியினரிடையே இந்தி பொதுமொழியாக வழங்குவதால், முகாமின் கட்டளை மொழி அவனுக்குப் புதியதன்று. தமிழ்நாட்டின் கிராமத்திலிருந்து நேரே வருபவன் இவ்வசதியைப் பெறுவதில்லை.

வேறு சிலர் உடலாலும் மனத்தாலும் தகுதியிருந்தும் திரும்புகின்றனர். நீண்டநாள் நோயை மறைத்துச் சேர்ந்தது பின்னர் வெளிப்படுதலும், கல்விச் சான்றோ நடத்தைச் சான்றோ சரிபார்ப்பில் தவறெனத் தெரிதலும் அதற்குக் காரணங்கள். பதிவின்போது பொய்யான விடையளிப்பது இராணுவச் சட்டப்படி குற்றமும் ஆகும். இதனை முன்பே எடுத்துரைப்பது ஆசிரியர் கடமை.

கப்பலேறுவதற்கு முன் செய்யத்தக்கவை

ஆட்சேர்ப்புத் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் இடம்பெறுகிறது. அதனை மட்டும் கருதித் தேர்வுக்கு முன் சில வாரங்கள் வேகமாக ஓடிப் பழகுவோர் பலர். ஓட்டத்தில் வெல்லலாம், எலும்பு ஆயத்தமாவதில்லை. மேலும் மணற்பரப்பில் வெறுங்காலுடன் ஓடிய கால், கனத்த பூட்ஸ் அணிந்து கட்டாந்தரையில் குதிகால் ஊன்றி நடக்க நேரிடும்போது புதிய அதிர்ச்சியைச் சந்திக்கிறது.

ஆகவே ஆயத்தம் குறைந்தது மூன்று மாதங்கள், இயலுமாயின் ஆறு மாதங்கள் முன்னதாகத் தொடங்குதல் நலம். முதலில் நடை, பின்னர் மெதுவான ஓட்டம், அதன் பின்னர் சிறு சுமையுடன் நடை என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். தூரத்தை வாரத்திற்குப் பத்தில் ஒரு பங்கு என்னும் அளவில் கூட்டுவது பொதுவாகப் பின்பற்றப்படும் நியதி. வாரத்தில் ஓரிரு நாட்கள் ஓட்டமின்றி இருத்தல் சோம்பலன்று. எலும்பு நிரம்புவதற்குரிய காலம் அதுவே. கடின நிலத்தில், காலணியுடன் நடந்து பழகுதலும் அவசியம்.

உணவைப் பொறுத்தவரை தீவுகளில் மீனுக்குக் குறைவில்லை. முள்ளோடு உண்ணத்தக்க நெத்திலி போன்ற சிறு மீன்களும், பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை ஆகியனவும் எலும்புக்கு வேண்டிய கால்ஷியத்தைத் தருகின்றன. அமெரிக்கக் கடற்படைக்குச் சேர்ந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2008-ல் வெளியான சோதனையில், கால்ஷியமும் வைட்டமின் டி-யும் பெற்றவர்களிடையே அயர்ச்சி முறிவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. புகைபிடிப்போருக்குப் பயிற்சிக் காயங்கள் அதிகம் என்பது பல ஆராய்ச்சிகளில் கண்ட உண்மை. தீவுகளில் புகையிலைப் பழக்கம் பரவலாக இருப்பதால், இதனைப் பள்ளியிலேயே கண்டிப்பது பயனளிக்கும்.

திரும்பி வந்தவனுக்கு

இத்தனைக்குப் பின்னும் ஒருவன் திரும்ப நேரிடலாம். இராணுவச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி, விடுவிக்கப்படுபவனுக்கு அதன் காரணம், பணிக்காலம் ஆகியவற்றைக் குறித்த சான்றிதழ் அவனுடைய தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் வழங்கப்பட வேண்டும். இச்சான்றிதழையும் மருத்துவக் குழுவின் ஏடுகளையும் அவன் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு களப் பணியாளர் அறிவுறுத்த வேண்டும். பணியின் காரணமாக ஊனமுற்ற அக்னிவீரர்களுக்கு ஊனம் 50, 75, 100 சதவீதம் என்ற அளவுகளுக்கேற்ப முறையே 15, 25, 44 லட்சம் ரூபாய் கருணைத்தொகை திட்டத்தில் குறிக்கப்பட்டுள்ளது. அத்தொகையைக் கோருவதற்கு இவ்வேடுகளே ஆதாரம். அதிகாரிப் பயிற்சியின்போது ஊனமுற்று வெளியேற்றப்பட்ட மாணவர்களின் நிலையை 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. பயிற்சியில் உடைந்த உடலுக்குப் பொறுப்பேற்பது யார் என்னும் கேள்வியின் முக்கியத்துவத்தை இது காட்டுகிறது.

திரும்பி வந்தவன் உறக்கமின்றியும், பிறரோடு பேசாமலும் இருப்பானாயின், அவனை மாவட்ட மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். முறிந்த எலும்பு ஓய்வு பெற்றால் மூன்று மாதங்களில் மீண்டும் உறுதி பெறக்கூடியது. ஊராரின் ஏளனத்தினால் முறிந்த மனத்திற்கு அத்தகைய கால வரையறை எதுவும் இல்லை. காரணம் இன்னது என்று கிராமத்திற்கு அமைதியாக எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் அங்குள்ள ஆசிரியரும் களப் பணியாளருமே.