தண்ணீர் திரும்பி ஓடாதிருக்க: கடலூர், சிதம்பரம் கட்டடங்களுக்கு வேண்டிய சோதனை

ஊர்ப் பொதுக்குழாயிலிருந்து ஒரு கட்டடத்துக்குள் நுழைந்த தண்ணீர் மீண்டும் அதே குழாய்க்குத் திரும்பி ஓடுவதைப் பின்னோட்டம் என்பர். அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஓடுவது தண்ணீரின் இயல்பாதலால், ஊர்க்குழாயின் அழுத்தம் கட்டடத்தின் அழுத்தத்தைவிடக் குறையும் வேளையில், கழிவறை வாளியில் முனை மூழ்கிக் கிடக்கும் ரப்பர் குழாயின் அழுக்கு நீரும், ஆய்வகத் தொட்டியின் வேதிப்பொருளும், கொதிகலனில் கலந்த மருந்தும் குடிநீரில் சேர வழி திறக்கிறது. அவ்வழியை அடைக்கும் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை உண்மையில் அடைக்கின்றனவா என்று காலந்தோறும் அளந்து பார்ப்பதே பின்னோட்டத் தடுப்புச் சோதனையாகும்.

பின்னோட்டம் இரு வகையாக நேர்கிறது. ஊர்க்குழாயில் வெற்றிடம் உண்டாகி, கட்டடத்தின் நீரை அது உறிஞ்சிக்கொள்வது ஒரு வகை. கட்டடத்தின் மேல்தொட்டியோ மோட்டாரோ ஊர்க்குழாயை மிஞ்சிய அழுத்தத்தால் நீரைப் பின்னுக்குத் தள்ளுவது மற்றொரு வகை. மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர் வழங்கல் கையேடு, ஒருமாடிக் கட்டடங்கள் உள்ள பகுதியில் வீட்டு இணைப்பு தொடங்குமிடத்தில் குறைந்தது 7 மீட்டர் உயரத்துக்கு நீர் ஏறும் அழுத்தமும், இருமாடிக்கு 12 மீட்டரும், மும்மாடிக்கு 17 மீட்டரும் வேண்டும் என்றது. 7 மீட்டர் அழுத்தமுள்ள தெருவில் ஐந்து மாடி விடுதியொன்றின் மேல்தொட்டி 18 மீட்டர் உயரத்தில் நிற்க, அத்தொட்டியின் குழாய் எங்கேனும் ஊர்க்குழாயோடு நேரடியாக இணைந்திருந்தால், நீர் எத்திசையில் ஓடும் என்பது இவ்விரு எண்களிலிருந்தே விளங்கும்.

நாள் முழுவதும் குழாயில் அழுத்தம் நிலைத்திருக்கும் ஊர்களில், தீயணைப்புக்குப் பெருமளவில் நீரெடுக்கும்போதோ பெருங்குழாய் உடையும்போதோதான் இந்த ஆபத்து தலைகாட்டும். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களைப் போலக் கடலூரிலும் சிதம்பரத்திலும் குடிநீர் குறித்த நேரத்தில் மட்டுமே திறந்துவிடப்படுவதால், திறப்பு நின்றபின் குழாயின் அழுத்தம் வீழ்வது அன்றாட நிகழ்ச்சியாகிறது. குழாயிலேயே நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கும் வழக்கம் அதை இன்னும் மோசமாக்குகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கி, மின்சாரம் பல நாள்கள் இல்லாதுபோனதைப் போன்ற பேரிடர்க் காலங்களில், நீரேற்று மோட்டார்கள் நின்று, வெள்ளநீர் சூழ்ந்த குழாய்கள் அழுத்தமின்றிக் கிடக்கும்.

இதன் விளைவை உலகம் கண்டிருக்கிறது. 1933இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, இரண்டு விடுதிகளின் குழாய் அமைப்பில் இருந்த குறைகளால் கழிவுநீர் குடிநீரோடு கலந்து, அமீபா வயிற்றுக்கடுப்பு 1,409 பேரைப் பற்றி 98 பேரின் உயிரைக் குடித்தது. விருந்தினர்கள் தத்தம் ஊர் திரும்பிய பின்னரே பலருக்கு நோய் தெரிந்ததால், ஊற்றுக்கண்ணைக் கண்டறியத் தாமதமாயிற்று. 2007 நவம்பரில் பின்லாந்தின் நோக்கியா நகரில், கழிவுநீர் நிலையத்தில் இரு குழாய்களை இணைத்த ஒரே வால்வு திறந்து கிடந்ததால், எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் வெளியூர்க் கூட்டம் நிறையும் சிதம்பரத்து விடுதிகள் சிகாகோவின் பாடத்தைக் கருத்தில் கொள்வது நன்று. சிதம்பரத்தில் தங்கியவருக்கு நோய் வெளிப்படுவது வேறொரு மாவட்டத்து மருத்துவமனையில் ஆகலாம்.

தடுப்பு முறைகளுள் எளியதும் உறுதியானதும் காற்றிடைவெளி. தரைத்தொட்டிக்குள் நீர் விழும் குழாயின் வாய், தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேல், குழாய் விட்டத்தின் இரு மடங்காவது, எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உயர்ந்திருந்தால், நீர் திரும்ப வழியே இல்லை. அடுத்தது, பிளம்பர்கள் என்.ஆர்.வி. என்று அழைக்கும் ஒருவழி வால்வு. அத்தகைய இரண்டை வரிசையாக வைத்தது இரட்டை வால்வு. நச்சுப்பொருள் புழங்கும் இடங்களுக்குரிய அழுத்தக் குறைப்பு வகையில், இரு வால்வுகளுக்கு நடுவே உள்ள அறையின் அழுத்தம் நுழைவு அழுத்தத்தைவிடக் குறைவாகவே வைக்கப்பட்டு, வேறுபாடு சுருங்கினால் அடியிலுள்ள வடிகால் வாய் தானே திறந்து நீரை வெளியேற்றிவிடும். உப்பனாற்றங்கரையில் வேதித் தொழிற்சாலைகள் நிறைந்த கடலூர் சிப்காட் போன்ற இடங்களுக்கும், மருத்துவமனை ஆய்வகங்களுக்கும் காற்றிடைவெளியோ இவ்வகைக் கருவியோ வேண்டுமேயன்றித் தனி ஒருவழி வால்வு போதாது.

எந்த வால்வும் பொருத்திய நாளின் நிலையிலேயே இருப்பதில்லை. மணல் துகள் ஒன்று இடையில் சிக்கினாலும், கடின நீரின் சுண்ணாம்பு படிந்தாலும், ரப்பர் வட்டு இறுகினாலும், கடற்காற்றில் ஸ்பிரிங் துருப்பிடித்தாலும் அது முழுதாக மூடாது. வெளியே பார்ப்பவருக்கோ எதுவும் தெரியாது. ஆகவேதான் அமெரிக்க ஊர்கள் பலவற்றில், சான்று பெற்ற சோதனையாளர் ஆண்டுதோறும் கருவியின் சிறு திருகு வாய்களில் அழுத்த வேறுபாட்டுமானியை இணைத்து அளக்கிறார். இரட்டை வால்வின் ஒவ்வொன்றும் சதுர அங்குலத்துக்கு 1 பவுண்டு அழுத்தமாவது தாங்கிப் பிடிக்க வேண்டும். அழுத்தக் குறைப்பு வகையின் வடிகால் வாய், வேறுபாடு 2 பவுண்டுக்குக் கீழே இறங்குமுன் திறந்தாக வேண்டும்.

திருகு வாய் இல்லாத சாதாரண ஒருவழி வால்வையும் சோதிக்க முடியும். மேல்தொட்டி நீர் வால்வின் மறுபுறம் அழுத்தி நிற்கும் அமைப்பில், ஊர்க்குழாய்ப் பக்கத்துக் கேட் வால்வை மூடி, இரண்டுக்கும் இடையில் பொருத்திய சிறு பைப்பைத் திறந்தால், தேங்கிய நீர் வடிந்ததும் ஒழுக்கு நிற்க வேண்டும். நிற்காவிடில் வால்வு கசிகிறது என்று பொருள். வைகாசியில் ஒருமுறை செய்தால் ஆனித் திருவிழாவுக்கு முன்னும், புரட்டாசியில் மறுமுறை செய்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பழுது தெரிந்துவிடும். தாழ்வான கடலூர்ப் பகுதிகளில் அழுத்தக் குறைப்புக் கருவியைத் தரைக்குழிக்குள் வைப்பது பெருந்தவறு. மழைநீரில் வடிகால் வாய் மூழ்கினால், தூய்மை காக்க வைத்த கருவியே அழுக்கு நுழையும் வாயிலாகிவிடும்.

ஊர்க்குழாய் அனைவருக்கும் பொதுவாதலால், ஒரு கட்டடத்தின் பழுதான வால்வு அக்கட்டடத்தாரின் சொந்த விவகாரம் ஆகாது. சோதனை நாள், அளவு, மாற்றிய உதிரிப்பொருள் ஆகியவற்றை எழுதிய பதிவேட்டை ஒவ்வொரு விடுதியும் மருத்துவமனையும் தொழிற்சாலையும் வைத்திருப்பதும், வணிக இணைப்பு வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் உள்ளாட்சி அதைக் கேட்டுப் பார்ப்பதும் பெருஞ்செலவு பிடிக்காதவை. குடிநீரைச் சுத்திகரிக்க ஊர் செலவிடும் பணமும் உழைப்பும் கடைசிக் குழாய்வரை பயன் தர அவை இன்றியமையாதவை.