ஓடை நீரும் கிராம மின்சாரமும்

மலைச்சாரலில் இறங்கும் ஓடையின் வலு பெரும்பாலும் பாறைகளில் மோதியே வீணாகின்றது. அதன் ஒரு பகுதியை மின்சாரமாக்கிச் சில பத்து வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் சிறு நீர்மின் நிலையங்கள் 1990களிலிருந்து சப்பிரகமுவ, தென் மாகாணங்களின் மலைக் கிராமங்களில் அமைக்கப்பட்டன. 1997க்கும் 2011க்கும் இடையில் உலக வங்கியின் உதவியுடன் நடந்த இரு செயற்றிட்டங்கள் இவற்றுக்குக் கடனும் மானியமும் கிடைக்க வழிசெய்தன. நிலையத்துக்கு உரியவர் அரசாங்கமன்று. ஊரவர் கூடி அமைத்த மின் பாவனையாளர் சங்கமே.

ஓடையின் குறுக்கே கட்டிய சிற்றணையிலிருந்து வாய்க்கால் வழியே நீர் ஒரு தொட்டியை அடையும். மணல் அங்கே படிந்துவிடும். அங்கிருந்து குழாயில் இறங்கும் நீர் சுழலியைச் சுற்ற, அதனுடன் பூட்டிய மின்பிறப்பாக்கி மின்சாரம் தரும். தொட்டியைத் துப்புரவாக்குதல் எவர் கண்ணிலும் படாத வேலை. ஆயினும் அது தவறினால் மணல் சுழலியை அரித்துவிடும்.

ஓடையை அளக்க வேண்டிய காலம் மழைக்காலமன்று. தை, மாசி மாதங்களில் நீர் குன்றிய நாளே ஏற்றது. நீர் முழுவதையும் ஒரு பீலியால் பீப்பாவில் விழச் செய்க. 200 இலீற்றர்ப் பீப்பா 10 செக்கனில் நிரம்பின், செக்கனுக்கு 20 இலீற்றர் நீர் உண்டு. அந்நீர் 50 மீற்றர் உயரத்திலிருந்து விழுமாயின் அதன் முழு வலு ஏறத்தாழ 10 கிலோவாற்று. இதிற் பாதியே வீடுகளை அடையுமெனக் கொள்வது நன்று. அதனை 25 வீடுகள் பகிர்ந்தால் வீடொன்றுக்கு 200 வாற்று. விளக்குகளுக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் இது போதும். 1000 வாற்று மின்னழுத்தி ஒன்றோ ஐந்து வீடுகளின் பங்கை இழுத்து, ஊர் விளக்குகளையெல்லாம் மங்கச் செய்யும்.

பிணக்கு பெரும்பாலும் நீரைப் பற்றியே எழும். சுழலி நீரை உட்கொள்வதில்லை. நிலையத்தின் கீழே அது மீண்டும் ஓடையிற் சேரும். ஆனால் அணைக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட வயல்களுக்கு நீர் குறையும். கதிர் பால்கட்டும் வேளையில் அவ்வயல் காய்ந்தால், விளக்கொளி அந்நட்டத்தை ஈடுசெய்யாது. ஆகவே வயல் வாய்க்கால்கள் பிரியும் இடத்துக்கு மேலேயே நிலையத்தை அமைத்தல் சிறந்தது. அதற்கு இடமில்லையேல் பகலில் வயலுக்கும், மாலை 6 மணி முதல் சுழலிக்கும் நீரை விடுவதெனக் கமக்காரரும் சங்கமும் வேலை தொடங்குமுன்னரே எழுத்தில் உடன்பட வேண்டும்.

2010களின் நடுப்பகுதியில் தேசிய மின்வலை ஏறக்குறைய எல்லா வீடுகளையும் எட்டியபோது பல நிலையங்கள் கைவிடப்பட்டன. சில நிலையங்கள் மின்வலையுடன் இணைக்கப்பட்டு மின்சாரத்தை விற்கத் தொடங்கின. அவ்வாறு இணைக்க விரும்பும் சங்கம், மின்வலையில் மின் நின்றவுடன் தானே துண்டித்துக்கொள்ளும் கருவியைப் பொருத்துதல் வேண்டும். அஃதின்றேல் மின் இல்லையென நம்பிக் கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் உயிருக்கு ஆபத்து நேரும்.