500 பெரிசா, 1,081 பெரிசா? பிள்ளைகளுக்கு ஏரிக் கணக்கு!

காஞ்சீபுரம் அருகே உள்ள தென்னேரி, ஏரியோடு வாழும் ஊர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எண் பாடத்தை ஏரியை வைத்தே சொல்லித் தரலாம்.

சோழவரம் ஏரியின் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. கண்ணன்கோட்டை 500. எது பெரிசு? "1-ஐவிட 5 தானே பெரிசு" என்று சின்னப் பிள்ளைகள் 500-ஐக் காட்டுவதுண்டு. முதலில் இலக்கங்களை எண்ணச் சொல்லுங்கள். மூன்று இலக்கத்தைவிட நாலு இலக்கம்தான் பெரிசு.

இலக்கம் சமமானால்? புழல் 3,300, பூண்டி 3,231. இடப்பக்கமிருந்து பார்க்கணும். ஆயிரத்தில் இரண்டும் 3. நூறில் 3-க்கு 2 தோற்றது. புழலே பெரிசு!

வெறும் பள்ளிக்கூடக் கணக்கா இது? 2015 டிசம்பர் 1-ல் செம்பரம்பாக்கத்தில் திறந்துவிட்டது வினாடிக்கு 29,000 கன அடி. முதல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு 9,000 தான் பெரிசாகத் தெரியும். ஆற்றங்கரைவாசிக்கு அந்தத் தப்பு ஆபத்து!