சிகர் கையில் இருப்பது என்ன துப்பாக்கி?

கோயன் சகோதரர்கள் 2007-இல் எடுத்த ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ படத்தில் ஆன்டன் சிகர் என்ற கொலையாளி தூக்கிக்கொண்டு திரியும் ஷாட்கன், கதை நடக்கும் ஆண்டில் எந்தக் கடையிலும் கிடைத்திருக்காது. அது ரெமிங்டன் 11-87. விற்பனைக்கு வந்தது 1987-இல். கதை நடப்பதோ 1980-இல். அந்த ஆண்டைப் படமே ஒரு காட்சியில் சொல்லிவிடுகிறது. பெட்ரோல் பங்க் கிழவரிடம் ஒரு நாணயத்தைச் சுண்டிப்போட்டு, அது 1958-இல் அச்சானது, 22 வருஷம் பயணம் செய்து இங்கே வந்திருக்கிறது என்கிறான் சிகர். இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படிப் பார்க்கப் பழகினால் ஒரு குற்றப் படம் வசனத்தில் சொல்லாத பல செய்திகள் கைக்கு வரும். ஆயுதத்தின் மேல் ஆசை இருக்க வேண்டியதில்லை. கவனம் இருந்தால் போதும்.

பலர் துப்பாக்கியின் தோற்றத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல முயல்கிறார்கள். அதில்தான் குழப்பம் வருகிறது. கறுப்பு நிறம், நீளம், பளபளப்பு எல்லாமே ஏமாற்றும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் எந்த உறுப்பு நகர்கிறது, அதை நகர்த்துவது யார் என்று பாருங்கள். நடுவில் ஓர் உருளை சுழன்றால் ரிவால்வர். மேல்பகுதி முழுவதும் பின்னால் போய்த் திரும்பி, காலித் தோட்டா பக்கவாட்டில் தெறித்தால் பிஸ்டல். நீளத் துப்பாக்கியில், குழலுக்குக் கீழே உள்ள பிடியை இடது கை முன்னும் பின்னும் இழுத்தால் பம்ப் வகை. வலது கை ஒரு கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கினால் போல்ட் வகை. கை எதையும் இழுக்காமலே அடுத்த குண்டு தயாராகிவிட்டால், அது தானாக நிரப்பிக்கொள்ளும் வகை. மாடல் பெயர் இதற்கெல்லாம் பிறகுதான்.

படத்தின் நாயகன் லுவெலின் மாஸ், வியட்நாம் போரில் இருந்துவிட்டு வந்தவன். டெக்ஸஸ் பாலைவெளியில் செத்துக் கிடக்கும் கடத்தல்காரனிடமிருந்து பணப்பெட்டியோடு ஒரு பிஸ்டலையும் எடுத்துக்கொள்கிறான். அது 1911 மாடல். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது; .45 தோட்டா, மேகசினில் ஏழு குண்டு. 1911-இல் அமெரிக்க ராணுவத்துக்குள் போனது, 1985-இல் பெரெட்டா பிஸ்டல் வரும் வரை ராணுவத்தின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்தது. பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குதிரை எனப்படும் சுத்தியும், பிடியின் பின்புறத்தில் உள்ளங்கை அழுத்தினால் மட்டுமே சுட விடும் காப்பும் அதன் அடையாளங்கள்.

ஆற்றில் நாய் துரத்தும் காட்சியை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். மாஸ் கரையேறுகிறான், நாய் நீந்தி வந்துகொண்டிருக்கிறது. அவன் மேகசினைக் கழற்றுகிறான், உள்ளே இருந்த தோட்டாவை வெளியே எடுக்கிறான், ஊதித் தண்ணீரை வெளியேற்றுகிறான், மறுபடி பூட்டிச் சுடுகிறான். அவ்வளவு பதற்றத்திலும் கை தடுமாறவில்லை. இந்தத் துப்பாக்கி அவனுக்குப் பட்டாளத்தில் பழக்கமானது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் அந்தச் சில நொடிகள் சொல்லிவிடுகின்றன. படத்தில் எனக்கு மிகப் பிடித்த நடிப்புத் துணுக்கு இதுதான்.

பிறகு அவன் கடையில் ஒரு ஷாட்கன் வாங்கி, விடுதி அறையில் உட்கார்ந்து அதன் குழலை அறுத்துக் குட்டையாக்குகிறான். அது வின்செஸ்டர் 1897, பம்ப் வகை. கண்டுபிடிப்பது சுலபம். பிற்காலப் பம்ப் துப்பாக்கிகளில் குதிரை உள்ளே மறைந்திருக்கும். இதில் பின்னால் வெளியே தெரியும். இதையும் வடிவமைத்தவர் பிரவுனிங்தான். 1957-இல் தயாரிப்பு நின்றது. எனவே 1980-இல் மாஸ் வாங்குவது பழைய சரக்கு. அவசரத்தில் கடையில் எது கிடைக்குமோ அதை வாங்கும் மனிதனுக்கு இது கச்சிதமான தேர்வு. துளை அளவில் அது நம் ஊரில் 12 போர் என்று சொல்லும் ரகம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுதான் குழலின் துளை, ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர்.

இனி சிகரின் துப்பாக்கி. அவன் சுடும்போது இடது கை பிடியை இழுப்பதில்லை. ஆகவே தானாக நிரப்பிக்கொள்ளும் வகை. குழலுக்குள் எழும் வாயுவின் ஒரு பங்கைத் திருப்பி, பின்பகுதியைத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றும் அமைப்பு அது. 1980-க்குப் பொருத்தமாக ஒரு துப்பாக்கி வேண்டுமென்றால் அதே நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த ரெமிங்டன் 1100 இருந்தது. 11-87 அதன் வாரிசு. வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும் என்பதால் இந்தக் கால முரண் படத்தைக் கெடுக்கவில்லை என்பது என் கருத்து.

அதன் முனையில் இருக்கும் பருத்த சைலன்சர் வேறு விஷயம். ஷாட்கனுக்கு அப்படியொன்று 1980-இல் கடையில் வாங்கக் கிடைக்காது. யாராவது பட்டறையில் செய்துதான் கொடுத்திருக்க வேண்டும். அது எழுப்பும் அமுங்கிய ஓசை ஒலிக் கலைஞர்களின் கற்பனை. படம் ஒலிக்கலவை, ஒலித்தொகுப்பு இரண்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. பின்னணி இசை இல்லையென்றே சொல்லக்கூடிய படத்தில் அந்த ஓசை ஏற்படுத்தும் திகிலை மறக்க முடியாது. உண்மையில் ஷாட்கன் வெடிப்பது சுமார் 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும். மிச்சமே காதைப் பதம்பார்க்கும். குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் காற்றைக் கிழிக்கும் சத்தமும் தனியாக எழும். எந்தச் சைலன்சரும் அதை அடக்காது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரிவால்வரில் சைலன்சர் மாட்டிய வில்லனைக் கண்டால் நம்பாதீர்கள். உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியே சத்தம் வெளியேறிவிடும். சுடும்போது உருளையே முன்னே நகர்ந்து இடைவெளியை அடைக்கும் ரஷ்யாவின் நாகன் 1895 ஓர் அபூர்வ விதிவிலக்கு.

சிகரின் இன்னொரு ஆயுதத்தைத் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்க்க முடியாது. காற்று உருளையும் குழாயும் சேர்ந்த அந்தக் கருவி, இறைச்சிக்கூடங்களில் மாட்டை நினைவிழக்கச் செய்யப் பயன்படுவது. அழுத்தப்பட்ட காற்று ஒரு இரும்புக் கம்பியைச் சட்டென வெளியே தள்ளும்; மண்டையோட்டைத் துளைத்த கம்பி உடனே உள்ளே திரும்பிவிடும். குண்டு என்று எதுவும் வெளியேறுவதில்லை. இதனால்தான் படத்தில் காவலர்கள் திணறுகிறார்கள். நெற்றியில் துளை இருக்கிறது, வெளியேறிய காயம் இல்லை, உள்ளே குண்டும் இல்லை. வழக்கை விசாரிக்கும் ஷெரிஃப் பெல், மாஸின் மனைவியிடம் வேறு ஏதோ பேச்சில், இப்போதெல்லாம் மாட்டைக் காற்றுத் துப்பாக்கியால்தான் கொல்கிறார்கள் என்று விவரிக்கிறார். தான் தேடும் விடையைத் தன் வாயாலேயே சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அதே கருவியால் சிகர் கதவுப் பூட்டின் உருளையைத் தெறிக்கவிடுகிறான். மாஸின் வீட்டில் அது எதிர்ச் சுவரில் பட்ட தடத்தைப் பெல் கவனிக்கிறார்.

இரண்டு ஆயுதங்களையும் அருகருகே வைத்தால் அந்த மனிதனின் புத்தி தெரியும். பிஸ்டல், ரைஃபிள் குழல்களின் உட்புறம் திருகு வரிகள் இருக்கும். அவை குண்டின்மேல் கீறல் பதிக்கும். தடயவியல் நிபுணர் அந்தக் கீறலை வைத்து எந்தத் துப்பாக்கி என்று சொல்லிவிடுவார். ஷாட்கனின் குழல் பொதுவாக வழவழப்பானது. அதிலிருந்து சிதறும் ஈய ரவைகளில் அந்தக் கையெழுத்து இல்லை. வெளியே விழும் காலித் தோட்டாவில் பதியும் தடம் மட்டுமே மிஞ்சும். காற்றுக் கருவியோ அதைக்கூட விடுவதில்லை. குண்டைத் தேடி வருபவர்களுக்கு எதுவும் கிடைக்காதபடிதான் சிகர் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

கண்ணால் பார்த்து எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாது. ஒரே மாடல் பல அளவுத் தோட்டாக்களில் வரும். திரையில் அது தெரியாது. நிஜத் துப்பாக்கியா, மாதிரியா என்பதும் இப்போது கடினம். முன்பு பெரும்பாலும் வெற்றுத் தோட்டா போட்ட நிஜத் துப்பாக்கிகளைப் பயன்படுத்தினார்கள். குண்டு இல்லாததால் வாயு எதிர்ப்பின்றி வெளியேறிவிடும். அடுத்த தோட்டா ஏறுவதற்காகப் பல ரகங்களில் குழலை உள்ளே குறுக்கியிருப்பார்கள். 2021 அக்டோபரில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் நிஜக் குண்டு பாய்ந்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்த பிறகு, அமெரிக்காவில் சில தயாரிப்புகள் விளையாட்டுக்கான ஏர்சாஃப்ட் மாதிரிகளுக்கு மாறி, வெடிக்கும் தீப்பொறியைக் கணினியில் சேர்க்கின்றன. வெளித்தோற்றம் அச்சு அசல் என்பதால் மாடலைச் சொல்லிவிடலாம். ஆனால் காலித் தோட்டா தெறிக்கிறதா, சுடும்போது மணிக்கட்டு உதைபடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் தீப்பொறி மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் அந்த ஷாட்டில் எதுவும் வெடிக்கவில்லை.